மேல்மாடியில் குடிவர விடுங்கள்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் அதன் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவுக்கும்,

வணக்கம். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பதினாறு வருஷம் கணக்கு எழுதியவன் நான். இப்போது கீழே மட்டும் கடைகள். மேல் மாடிகள் பூட்டிக் கிடக்கின்றன. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அண்ணாந்து பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு மேலே சுவரைப் பிளந்துகொண்டு ஓர் அரசமரம். என் உயரம் இருக்கும்.

இந்த மாதிரி அலுவலகங்களை வீடாக்க அனுமதி கேட்டு வருபவரைச் சந்தேகத்தோடு பார்க்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். அண்ணா சாலையில் 1897-ல் எழுந்த கார்டில் கட்டடத்தை (பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்றால்தான் பலருக்குத் தெரியும்) 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். வழக்கு நடந்து 2010-ல் உயர் நீதிமன்றம் காப்பாற்றியது. அப்புறமும் பல வருஷம் அது ஆளில்லாமல்தான் நின்றது. ஆள் புழங்காத கட்டடத்தை இடிக்க இயந்திரம் எதற்கு, மழை போதும்.

நியூயார்க்கில் 1931-ல் வங்கிக்காகக் கட்டிய ஒன் வால் ஸ்ட்ரீட் என்ற கட்டடத்தில் இன்று 566 வீடுகள். நம் கட்டடங்கள் சின்னவை, ஏசி வருவதற்கு முன் கட்டியவை. தடித்த சுவர், உயர்ந்த கூரை, எதிரெதிர் ஜன்னல். குடியிருக்க இதைவிட என்ன வேண்டும்?

சரி, சிக்கல் இல்லாமல் இல்லை. மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்திரத்தின்மேல் சின்னச் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு போட்டிருப்பார்கள். தண்ணீர் இறங்கினால், சுவருக்குள் இருக்கும் உத்திரத்தின் முனை கண்ணுக்குத் தெரியாமலே மக்கிவிடும். அதனால் கழிப்பறை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பின்பக்கம் தனித் தூண்கள்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். சிமென்ட் பூச்சு கூடவே கூடாது. எங்கள் அலுவலகச் சுவரில் ஒருமுறை பூசினார்கள்; அடுத்த மழைக்கே உப்புப் பூத்து, ஃபைல் அலமாரிக்குப் பின்னால் தகடு தகடாக உதிர்ந்தது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்து வைக்கும்.

தீ விபத்துக்கான படிக்கட்டில் கறாராக இருங்கள். பழைய மரப்படி ஒன்றை நம்பி நாலு குடும்பத்தை மேலே ஏற்ற முடியாது. கார் நிறுத்தும் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுங்கள். அந்தச் சந்தில் மீன்பாடி வண்டியே திரும்பாது. உயர் நீதிமன்ற மெட்ரோவும் கடற்கரை ரயில் நிலையமும் நடக்கிற தூரம்தான். கார் வேண்டும் என்பவர் வேறு இடம் பார்க்கட்டும்.

இதெல்லாம் கோப்பில் நகர நாளாகும், தெரியும். அதுவரை அந்த அரசமரத்தையாவது எடுக்கச் சொல்லி உரிமையாளருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். கிளையை வெட்டிவிட்டு ஃபோட்டோ காட்டுவார்கள். வேரோடு எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பழைய குமாஸ்தா ஒருவன்