ஸ்கோர் தாளில் கட்டம் இல்லாதவர்களுக்கு

அல்சூர் மக்களுக்கும், என்னோடு ஆடிய தோழிகளுக்கும், ரயில்வே அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் பெங்களூரு கண்டீரவா அரங்கில் என் கடைசிக் கூடைப்பந்துப் போட்டியை ஆடி முடித்தேன். சால்வை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "எல்லோருக்கும் நன்றி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. 22 ஆண்டுகளாக எனக்காக ஓடியவர்களுக்கு இரண்டே சொல்லில் நன்றி சொல்லிவிட்டு வந்தது அன்றிரவு முழுக்க என்னை உறுத்தியது. அதனால்தான் இந்த மடல். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூடைப்பந்து ஆட்டத்தின் ஸ்கோர் தாளைப் பார்த்திருக்கிறீர்களா? யார் எத்தனை புள்ளி எடுத்தார், யார்மீது எத்தனை ஃபவுல், எந்த அணி எப்போது டைம்அவுட் கேட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். கூடை போடுவதற்குப் பந்தை எடுத்துக் கொடுத்தவளுக்கு மட்டும் அதில் கட்டம் கிடையாது. அசிஸ்ட் என்கிறோமே, அந்தக் கணக்கை எழுதத் தனியாக ஆள் வேண்டும். பெரிய போட்டிகளில்தான் அப்படி ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார்.

நான் பாயிண்ட் கார்டு. பந்தை 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். 24 விநாடி முடிவதற்குள் யாரிடம் பந்து போனால் கூடை விழும் என்று கண்டு, அவள் கையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதுதான் என் பிழைப்பு. என் பள்ளிக்கால ஸ்கோர் தாள்களை இன்று எடுத்துப் பார்த்தால், நானும் அந்த ஆட்டத்தில் இருந்தேன் என்பதற்கு நான்கு புள்ளியும் இரண்டு ஃபவுலும்தான் சாட்சி சொல்லும்.

தாளில் இல்லாத அந்தக் கணக்கை எழுதிவைத்தவர் எங்கள் மாஸ்டர். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் படைவீரர்களை ராணுவத்தில் 'தம்பிகள்' என்றே அழைப்பார்கள். எங்களுக்கு வந்து வாய்த்த தம்பிக்கு அப்போதே அறுபது வயது. ஒரு ரூபாய்கூடச் சம்பளம் வாங்காமல் நாள் தவறாமல் மாலை ஐந்து மணிக்குப் பள்ளியின் சிமென்ட் மைதானத்துக்கு வந்துவிடுவார். 2003இல் அமெரிக்காவின் ஜான் ஸ்டாக்டன் ஓய்வு பெற்றபோது அந்நாட்டின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயில் அவர் கொடுத்திருந்த அசிஸ்ட் 15,806. இன்றுவரை அந்த எண்ணை யாரும் எட்டவில்லை. மாஸ்டர் ஒரு 80 பக்க நோட்டின் முதல் பக்கத்தில் அதைப் பெரிதாக எழுதி அடிக்கோடிட்டார். இரண்டாம் பக்கத்திலிருந்து என் கணக்கு தொடங்கியது. நான்கு செங்குத்துக் கோடு, குறுக்கே ஒன்று. அதே தாளின் பின்பக்கத்தில் நான் பறிகொடுத்த பந்துகள். அதற்கும் அதே கோடுகள்தான்.

கணக்கில் அவர் கறாரானவர். என் கடைசிப் போட்டிக்கும் ஆட்டோ பிடித்து வந்திருந்தார், நோட்டோடு. நான் எட்டு அசிஸ்ட் என்று நினைத்திருந்தேன், அவர் ஏழுதான் போட்டிருந்தார். "மூன்றாம் கால்பகுதியில் நீ கொடுத்ததை வாங்கியவள் இரண்டு தட்டுத் தட்டி, ஒருத்தியை ஏமாற்றிவிட்டுத்தான் போட்டாள். அது அவளுடைய உழைப்பு. உன்னுடையது என்று நான் எப்படி எழுதுவேன்?" என்றார். மாஸ்டர், ஏழு என்ற அந்தக் கணக்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். பதினெட்டு வயதில் ஒரு தேர்வாளர் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்து 161 சென்டிமீட்டர் எதற்கும் உதவாது என்று அனுப்பியபோது, 160 சென்டிமீட்டர் உயரமுள்ள மக்ஸி போக்ஸ் என்பிஏயில் 14 பருவங்கள் ஆடினார் என்று நீங்கள் சொன்னதையும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டேன். நீங்கள் ஒருநாளும் கூட்டிச் சொன்னதில்லை என்பதால்தான் நீங்கள் சொல்வதை என்னால் நம்ப முடிந்தது.

பந்தைப் பார்க்காமல் தட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டரா, அம்மாவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குனிந்து பந்தையே பார்த்துக்கொண்டு ஓடுகிற பாயிண்ட் கார்டுக்கு எதிரே இருக்கும் கூட்டாளி தெரியமாட்டாள். மாஸ்டர் பத்தடி தள்ளி நின்று விரல்களைக் காட்டுவார். நான் பந்தைத் தட்டியபடியே மூன்று, ஐந்து, இரண்டு என்று சொல்ல வேண்டும். முதல் மாதம் எனக்கு அது வரவே இல்லை, அழுதுவிட்டேன். மாஸ்டர் என்னை நேராகச் சோமேசுவரர் கோயில் வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கேதான் அம்மா பூ விற்பார். வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே, சில்லறை எண்ணிக்கொண்டே, தெருவில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே கட்டுவார். இரண்டு மல்லி இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நூலில் ஒரு சுருக்கு, ஓர் இழுப்பு. "உன் அம்மா விரலைப் பார்க்கிறார்களா?" என்று மட்டும் கேட்டார் மாஸ்டர். அன்று இரவு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழம் கட்டினேன். மறுவாரம் விரல்கள் தெரிய ஆரம்பித்தன. அம்மா, விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து நீங்கள் கரைத்துக் கொடுத்த ராகிக் கூழுக்கும் நன்றி. ஆனால் அந்த ஒரு முழம் பூவுக்கான நன்றிதான் பெரியது.

எங்கள் வட்டாரத்தைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஒரே முற்றம், சுற்றிலும் எட்டு வீடுகள். அந்த முற்றத்தில் விடிவதற்கு முன்பே நான் பந்து தட்டுவேன். இரவு வேலை முடித்துத் தூங்க வந்தவர்கள் திட்டியதில் தப்பே இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அளவுக்குப் பேச்சு போனது. பந்து மோதும் சுவர் யாருடைய சுவரோ, அந்த அஜ்ஜி, கன்னடப் பாட்டி, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். எல்லோர் முன்னாலும், "ஆடு மகளே" என்றார். கன்னடத்தில் சொன்னாரா, தமிழில் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டிலும் அது ஒரே சொல்தான். அதன் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. அஜ்ஜி, உங்களுக்குத் தூக்கம் கெட்டதே என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அப்பா. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2010 அக்டோபரில் சர்வதேச விதி மாறியது. எந்தக் கோட்டுக்கு வெளியே நின்று கூடை போட்டால் மூன்று புள்ளியோ, அந்த மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனது. கூடைக்கடியில் சரிவகமாக இருந்த பகுதி செவ்வகமானது. எங்கள் சிமென்ட் மைதானத்தில் பழைய கோடுகளே இருந்தன. அதில் பயிற்சி எடுத்துவிட்டுப் போட்டிக்குப் போனால் அரை மீட்டர் குறைவாகவே என் உடம்பு கணக்குப் போடும். புதுக் கோடு போடப் பள்ளியிடம் பணமில்லை.

அப்பா சைன்போர்டு எழுதுபவர். சிவாஜிநகரிலும் கமர்ஷியல் தெருவிலும் அவர் எழுதாத கடை குறைவு. ஃபிளெக்ஸ் வந்த பிறகு தூரிகைக்கு வேலை போய்விட்டது. அந்த வருடம் அப்பா பாதி நாள் வீட்டில்தான் இருந்தார். ஒரு சனிக்கிழமை இரவு டார்ச், அளவு நாடா, கயிறு, மிச்சமிருந்த வெள்ளை எனாமல் டப்பாவோடு என்னை எழுப்பி மைதானத்துக்கு அழைத்துப்போனார். வளையத்தின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டார். அது ஆடி அடங்கும்வரை இருவரும் பேசாமல் நின்றோம். குண்டின் முனை தரையைத் தொட்ட இடத்தில் கயிற்றின் ஒரு நுனியை என் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மறுநுனியில் சாக்பீஸைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். கயிறு இழுபடும் என்று மூன்று முறை நாடாவை வைத்துப் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, வளைவு முழுவதையும் மண்டியிட்டபடியே வரைந்தார். அகலம் 5 சென்டிமீட்டர், இரண்டு பூச்சு. விடியும்போது என் கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது, அவருடைய முழங்கால் தோல் உரிந்திருந்தது. கடைப் பலகையில் 'ஸ்ரீ' எழுதி முடித்ததும் பின்னால் தள்ளி நின்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். ஈரம் காய்வதற்குள் ஒரு நாய் இடது மூலையில் நடந்துவிட்டது. அந்தக் கால்தடம் இன்னும் இருக்கிறது. நான் போட்ட ஒவ்வொரு மூன்று புள்ளியும் அந்தக் கோட்டில் நின்று பழகியதுதான், அப்பா.

கேரளத்துச் சங்கனாசேரியிலிருந்து எங்கள் அணிக்கு வந்தவளே, உனக்கு என்ன எழுதுவது? அசிஸ்ட்டைக் குறித்துவைக்கவாவது எனக்கு ஒரு மாஸ்டர் இருந்தார். நீ போட்ட ஸ்க்ரீனைக் குறிக்க எங்கள் ஆட்டங்களில் ஒரு நோட்டும் இருந்ததில்லை. வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: என்னைத் துரத்தி வருகிறவளின் வழியில் இவள் சுவர்போல அசையாமல் நிற்பாள். வருகிறவள் முழு வேகத்தில் இவள் விலாவில் வந்து மோதுவாள். அந்த ஒரு நொடியில் நான் நழுவிப்போய்விடுவேன். கைதட்டல் எனக்கும், கூடை போட்டவளுக்கும். ஒன்பது ஆண்டுகள் இப்படி நின்றாள். போட்டி முடிந்து ரயிலில் திரும்பும்போது நடு பெர்த்தில் சட்டையை உயர்த்தி ஐஸ் வைத்துக்கொள்வாள். விலாவில் நாவற்பழ நிறத்தில் கன்றியிருக்கும். நான் பார்ப்பதைக் கண்டால் "சாரமில்லடி" (பரவாயில்லையடி) என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். சாரம் உண்டடி. எனக்குத் தெரியும்.

2014இல் முழங்கால் போனது. கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிக்க, ரீபவுண்டுக்குக் குதித்து இறங்கும்போது உள்ளே 'பட்' என்று ஒரு சத்தம். முதலில் போன இடத்தில் சுளுக்கு என்று சொல்லி ஆறு வாரம் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்கள். ஆறு வாரமும் வீண். பிறகுதான் ஸ்கேனில் முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் முழுதாக அறுந்திருப்பது தெரிந்து, தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்து வைத்துத் தைத்தார்கள். தைத்தது டாக்டர், நடக்க வைத்தது பிசியோதெரபிஸ்ட் அக்கா. முதல் மாதம் முழுக்க ஒரே வேலைதான்: குதிகாலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து முழங்காலை நேராக்குவது. அக்கா முழங்காலுக்கடியில் ஒரு காகிதத்தை வைத்து, "அழுத்து, நான் உருவுகிறேன்" என்பார். தினமும் காகிதம் சுலபமாக அவர் கையோடு வந்துவிடும். ஒரு வியாழக்கிழமை அது வரவில்லை, கிழிந்தது. கிழிந்த பாதியை அவர் தன் மேஜைக் கண்ணாடிக்கடியில் வைத்துக்கொண்டார். ஒன்பதாவது மாதம் மறுபடி மைதானத்தில் இறங்கினேன்.

அந்த ஒன்பது மாதமும், அதற்கு முன்னும் பின்னும், என் மேஜை வேலையைத் தங்கள் மேஜைக்கு இழுத்துக்கொண்ட அலுவலக நண்பர்களே, நம் நாட்டில் கூடைப்பந்து ஆடும் பெண்ணுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான் சோறு போடுகிறது. அந்த வேலையை நான் இழக்காமல் காத்தவர்கள் நீங்கள். என் பெயரில் நிலுவைக் கோப்பு ஒன்றுகூட இருந்ததில்லை என்பது என் திறமையால் அல்ல.

பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் சொன்னதால் ஒருவர் பெயரையும் இங்கே எழுதவில்லை. அல்சூரில் யாருக்கும் அடையாளம் தெரியாமல் போகாது.

வருகிற ஞாயிறு முதல் காலை ஆறரை மணிக்கு அதே சிமென்ட் மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தொடங்குகிறேன். பதினான்கு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முடிந்தவர்கள் வாருங்கள், அம்மா சுண்டல் அவிப்பதாகச் சொல்லியிருக்கிறார். புது 80 பக்க நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கம் காலியாக இருக்கிறது மாஸ்டர், அந்த எண்ணை நீங்கள்தான் எழுத வேண்டும். வேப்பமர நிழலில் உங்களுக்கு நாற்காலி போட்டுவைக்கிறேன். பென்சிலும் சீவிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் 5ஆம் எண்
அல்சூர், பெங்களூரு