ஜோர்ஜ் சேன்-பியேர் உரைகளுக்குத் துணை நின்றோர்க்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த கலப்புத் தற்காப்புக் கலையில் புகழ்பெற்ற கனடா நாட்டு வீரர் ஜோர்ஜ் சேன்-பியேரின் களவாழ்வைப் பற்றி, எங்கள் வாசகர் வட்டத்தில் நான்கு ஞாயிறு மாலைகளில் நான் ஆற்றிய உரைகள் சென்ற வாரம் நிறைவுற்றன. மேடையில் நின்றவன் நான் ஒருவனே என்றாலும், கேட்டவர்கள் மனத்தில் தங்கியவற்றுள் பெரும்பகுதி பிறர் எனக்குத் தந்தது என்பதை எல்லோரும் அறிய எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதல் நன்றி புதுச்சேரி நண்பருக்கு. சேன்-பியேர் 1981இல் கியூபெக் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர், தாய்மொழி பிரெஞ்சு. அம்மொழியில் அவர் அளித்த நேர்காணல்களை இரவு இரவாகக் கேட்டுத் தமிழில் சொன்னதோடு, பெயரைச் சரியாக உச்சரிக்கவும் நண்பர் கற்றுக்கொடுத்தார். பள்ளியில் பெரிய பையன்களிடம் காசையும் துணியையும் பறிகொடுத்த சிறுவன், ஏழு வயதில் கியோகுஷின் கராத்தே கற்கத் தொடங்கிய கதையை அவர் சொல்லக் கேட்டபோதுதான் என் முதல் உரை எங்கே தொடங்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது.

எங்கள் ஊர் மல்யுத்த ஆசிரியர் ஐயாவுக்கு நான் பட்ட கடன் பெரிது. பள்ளியிலோ கல்லூரியிலோ மல்யுத்தப் போட்டிகளில் ஆடியிராத சேன்-பியேர், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் பட்டம் வென்ற ஜோஷ் கோஸ்செக் போன்றவர்களையே தரையில் கிடத்தியது எப்படி என்று நான் வாயால் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஐயா எழுந்து வந்து, தம் மாணவர் இருவரை மெத்தையில் நிறுத்திச் செய்து காட்டினார். முன்னே நிற்கும் கையின் குத்து வருகிறதென்று எதிராளி முகத்தைக் காத்து நிமிரும் அந்த நொடியில் அவர் கால்கள் காவலின்றி நிற்கின்றன என்பதை அரங்கம் கண்ணால் கண்டது. என் ஒரு மணி நேரப் பேச்சைவிட அந்த ஐந்து நிமிடம் பயனுடையது.

மூன்றாம் உரையில் நேர்ந்த பிழையைத் திருத்திய கல்லூரி மாணவிக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். 2007 ஏப்ரலில் மாட் செர்ரா என்ற வீரரிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்ததைச் சேன்-பியேரின் ஒரே தோல்வி என்று நான் கூறிவிட்டேன். அதற்கு முன்பே, 2004இல், தாம் வியந்து போற்றிய மாட் ஹியூஸிடம், முதல் சுற்று முடிய ஒரே நொடி எஞ்சியிருக்கையில், முழங்கையை எதிர்ப்புறம் வளைக்கும் பிடியில் சிக்கி அவர் தோல்வியை ஒப்புக்கொண்டதை அம்மாணவி எழுந்து நினைவூட்டினார். அத்திருத்தம் உரையின் போக்கையே மாற்றியது. ஏனெனில் 2006இல் ஹியூஸை வென்று வெல்டர்வெயிட் என்னும் எடைப்பிரிவின் பட்டத்தைக் கைப்பற்றிய சேன்-பியேர், செர்ராவிடம் அதை இழந்த அதே 2007ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் ஹியூஸைச் சந்தித்து, முன்பு தம்மை மடக்கிய அதே பிடியால் அவரை மடக்கினார். இளமையில் மொன்றியாலிலிருந்து நியூயார்க்குக்குப் பேருந்தில் சென்று பயிற்சியாளர் ஜான் டனஹரிடம் ஜியு-ஜிட்சு என்னும் பிடிப்போர்க் கலையைக் கற்ற உழைப்பை அந்தப் பிடியில் காண்கிறேன். 2008 ஏப்ரலில் மொன்றியாலில், தம் மக்கள் முன்னிலையில், செர்ராவிடமிருந்து பட்டத்தை மீட்டார். பின்னர் ஒன்பது முறை அதைக் காத்தார். செர்ராவின் பெயரை ஒரு செங்கல்லில் எழுதி ஆற்றில் எறிந்து மனப்பாரத்தைக் கழித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி அதுவே.

நான்காண்டு இடைவெளிக்குப் பின் 2017 நவம்பரில் மைக்கேல் பிஸ்பிங்கை வென்று மிடில்வெயிட் எடைப்பிரிவின் பட்டமும் பெற்றவர், ஒரு மாதம் கடந்ததும் அதைத் துறந்தார். காரணமான பெருங்குடல் அழற்சி நோய் எத்தகையது என்பதைப் பொறுமையாக விளக்கிய மருத்துவர் அம்மாவுக்கும், மெத்தைகள் தந்த கராத்தே பள்ளியினருக்கும், நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும் என் வணக்கம்.

உரைக் குறிப்புகளை வாசகர் வட்டத்தின் அலமாரியில் வைத்திருக்கிறேன். மூன்றாம் உரையின் திருத்தம் அம்மாணவியின் கையெழுத்திலேயே அதில் இருக்கிறது.

நன்றியுடன்,
உரையாளன்