விழாவுக்குப் போகுமுன்

அன்பு மகள் கயலுக்கு,

மூத்தவனின் பள்ளியில் சனிக்கிழமை ஃபால் ஃபெஸ்டிவல், அதாவது இலையுதிர்கால விழா, என்றாய். "ஒரு மணி நேரம் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவோம்" என்றும் சேர்த்துக்கொண்டாய் பார், அதற்காகத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே "சரி அம்மா" என்று வைத்துவிடுவாய்.

பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து உதவிக்கு ஆள் கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கும். அரை மணி நேரத்துக்காவது பெயர் கொடு. அதுவரை மாப்பிள்ளை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். டிக்கெட் வாங்கி, படம் எடுத்து, வீடு திரும்புகிறவர்களை யாருக்கும் நினைவிருக்காது. தண்ணீர்த் தொட்டியருகே நின்று பிளாஸ்டிக் வாத்தைத் திருப்பி எண் பார்த்துப் பரிசு கொடுக்கிறவளைத் திங்கட்கிழமை பள்ளி வாசலில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியும். நான் வேலையில் மாட்டிக்கொண்ட நாள்களில், நாம் இருந்த நியூ ஜெர்சி எடிசனில், உன்னைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்த அம்மாக்கள் எல்லோரும் வளையம் எறியும் மேசையில் எனக்குப் பழக்கமானவர்கள்தான். நாடு முழுக்க உள்ள அந்தச் சங்கத்தின் பிறப்பே அப்படி. 1897-இல் ஆலிஸ் பர்னி, ஃபீபி ஹெர்ஸ்ட் என்ற இரு பெண்கள் வாஷிங்டனில் தாய்மார்களைத் திரட்டித் தொடங்கிய அமைப்பு அது. வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் அதில் விருந்தாளிகளாகவே நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேக் வாக் இருந்தால் மூத்தவனைக் கட்டாயம் விடு. தரையில் எண் எழுதிய தாள்களை வட்டமாக ஒட்டியிருப்பார்கள். பாட்டு ஓடும்வரை நடக்க வேண்டும். நின்றதும் காலடியில் இருக்கும் எண்ணில் அசையாமல் நிற்க வேண்டும். குலுக்கலில் அந்த எண் வந்தால் மேசையிலிருந்து ஒரு கேக்கைத் தேர்ந்தெடுக்கலாம். நீ வென்ற அன்று, பெரிய சாக்லேட் கேக்கை எல்லாம் தள்ளிவிட்டு, ஒரு பக்கம் சரிந்துபோய்ப் பச்சைக் கிரீம் அப்பியிருந்த ஒன்றைத்தான் எடுத்தாய். அதைச் செய்த பாட்டி அங்கேயே நின்றிருந்தார்; அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் தோட்டங்களில், எஜமானர்களின் மிடுக்கு நடையை உள்ளூரக் கேலி செய்து ஆடிய ஆட்டத்தின் பெயர்தான் இந்தக் கேக் வாக். நன்றாக ஆடியவர்களுக்குக் கேக் பரிசு. மூத்தவன் வளர்ந்ததும் இதையும் சொல்லிவை.

சின்னவள் விஷயம் வேறு. மூன்று வயதுக்கு எல்லா விளையாட்டும் வேண்டியதில்லை. வைக்கோல் கட்டின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் இருக்கட்டும், கையைப் பிடித்து இழுக்காதே. காற்றடைத்த குதிக்கும் கூடாரத்துக்குள் பெரிய பிள்ளைகள் இருக்கும்போது அவளை விடாதே. காற்று பலமாக வீசினால் இருவருமே வேண்டாம். டல்லாஸ் பக்கம் அக்டோபரிலும் வெயில் குறையாது. முழுக்க மூடிய டைனோசர் உடையில் புழுங்கிவிடுவாள், உள்ளே பருத்திச் சட்டை போடு. எடிசனில் எனக்கு நேர்மாறான தொல்லை: இளவரசி உடைக்கு மேல் குளிர்ச்சட்டை போட மாட்டேன் என்று நீ செய்த ரகளை!

பாப்கார்ன், கெட்டி மிட்டாய் இரண்டையும் நான்கு வயதாகும்வரை அவளுக்குக் கொடுக்காதே, தொண்டையில் அடைக்கும். மார்ஷ்மெல்லோவில் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும், சோளமணி வடிவ மிட்டாயான கேண்டி கார்னிலும் பெரும்பாலும் உண்டு. நீங்கள் சைவம் என்பதால் சொல்கிறேன். சில்லி என்ற கெட்டியான காரக் குழம்புப் பாத்திரத்தைக் கேட்காமல் தொடாதே, பெரும்பாலும் மாட்டிறைச்சி போட்டுத்தான் செய்வார்கள்.

பூசணி கொடுத்தால் வெட்டாமல் வண்ணம் பூசச் சொல். உங்கள் ஊர் வெயிலில் வெட்டிய பூசணி சில நாளில் பூஞ்சை பிடித்துச் சரிந்துவிடும். அந்தப் பெரிய பூசணியில் சாம்பார் வைக்கும் யோசனையும் வேண்டாம், தண்ணீராக இருக்கும், ருசியே இராது. கடையில் பை பம்ப்கின் என்று சிறியதாக விற்கும், அது நம் பரங்கிக்காய்போலவே வேகும்.

கேக் மேசைக்கு ஏதாவது கொடுப்பதானால் ரவை கேக் செய். முந்திரி, பாதாம் எதுவும் வேண்டாம். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். சேர்த்த பொருள்களை ஒரு சீட்டில் எழுதி டப்பாவின் மேல் ஒட்டிவிடு. கடையில் வாங்கியது மட்டும்தான் என்று பள்ளி சொல்லியிருந்தால் அதையே வாங்கிக் கொடு, வாதாடாதே. எந்த மேசை கிடைத்தது என்று எழுது.

அன்புடன்,
அம்மா