கன்னி ராசியில் ஒரு ஜோடியும் ஒரு புள்ளியும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. ஒரு கண்ணில் மட்டும் நட்சத்திரம் நீலமாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். பழைய லென்ஸில் படிந்திருந்த மஞ்சள் போய்விட்டது, அவ்வளவுதான். கவலைப்படாதே.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உன் கேள்வி. "எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் குவாசர் வெறும் புள்ளிதானே, அதை எப்படி எடை போட்டார்கள்?" என்று கேட்டிருந்தாய். குவாசர் என்றால் தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் நடுவே, பெரும் கருந்துளையைச் சுற்றும் வாயு ஒளிர்வதுதானே. வாயால் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. கையால் ஏதாவது செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். செய்தும் பார்த்துவிட்டேன்.

நாம் இருவரும் மாற்றி மாற்றித் தேய்த்த எட்டு அங்குலத் தொலைநோக்கிக் கண்ணாடி இன்றும் நன்றாக இருக்கிறது. போன வருடம் அலுமினியப் பூச்சு புதிதாகப் போட்டேன். 2005ல் நீ வந்திருந்தபோது இதே கண்ணாடியில் கன்னி ராசியின் போரிமாவைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இரட்டை நட்சத்திரம் என்று நான் சொல்ல, நீ அரை மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு "ஒன்றுதான் இருக்கிறது" என்றாய். நீ சொன்னது சரி. இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வர 169 வருடம் ஆகிறது, அந்தச் சுற்றில் மிக நெருங்கி நின்ற வருடம் அது. இப்போது விலகிவிட்டன. முழுத் திறப்பில் பார்த்தால் ஒரே மாதிரியான இரண்டு முத்துகள் பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன.

ஆனால் நான் முழுத் திறப்பில் அளக்கவில்லை. கறுப்பு அட்டையில் பிளேடால் இரண்டு பிளவு வெட்டி, தொலைநோக்கியின் வாயை அதனால் மூடினேன். ஒவ்வொரு பிளவும் 4 மி.மீ. அகலம், 5 செ.மீ. நீளம். நடுவில் சின்னக் கண்ணாடி மறைப்பதால் பிளவுகளை ஓரமாக வைத்தேன். பிளவுகளுக்கு இடையே உள்ள தூரம் 10 மி.மீ.யிலிருந்து 22 வரை இருக்கும்படி ஏழு அட்டைகள். பச்சை ஃபில்டர் ஒன்று. செலவு அவ்வளவுதான்.

முதலில் சித்திரை நட்சத்திரத்தில் சோதித்தேன். 200 மடங்குப் பெருக்கத்தில் புள்ளி கரைந்து ஒரு சின்ன ஒளித்துண்டாக நீள்கிறது. அதன் குறுக்கே வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள், சீப்பின் பல் மாதிரி. காற்று அசைந்தால் மொத்தச் சீப்பும் நடுங்கும், ஆனால் பற்கள் அழியாது. ஏழு அட்டையிலும் கோடுகள் கூர்மையாகவே இருந்தன.

அப்புறம் போரிமாவுக்குத் திருப்பினேன். முதல் இரவு முழுக்க எந்த அட்டை போட்டாலும் கோடுகள் அப்படியே இருந்தன. எங்கே தப்பு என்று மறுநாள் மதியம்தான் புரிந்தது. அந்த ஜோடி இப்போது ஏறக்குறைய வடக்கு தெற்காக நிற்கிறது, நான் பிளவுகளைக் கிழக்கு மேற்காகப் பிரித்து வைத்திருந்தேன். அந்தத் திசையில் பார்த்தால் அட்டைக்கு அந்த ஜோடி ஒற்றை நட்சத்திரம்தான். அன்று இரவு நட்சத்திரத்தை ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) ஓடவிட்டு மேற்குத் திசையைக் கண்டுபிடித்து, அட்டையைக் கால் வட்டம் திருப்பினேன். 10ல் கோடு தெரிந்தது, ஆனால் சற்று மங்கல். 14ல் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. 16ல் ஒன்றுமே இல்லை, வழுவழுப்பான ஒளித்துண்டு மட்டும். 18லும் கிட்டத்தட்ட அப்படியே. 22ல் கோடுகள் திரும்பி வந்தன. அவை திரும்பி வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நடப்பது எளிதான விஷயம். இரண்டு பிளவு வழியே வரும் ஒளி அலைகள் ஓரிடத்தில் சேர்ந்து வெளிச்சமாகவும், ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்து இருட்டாகவும் விழுவதுதான் அந்தக் கோடுகள். ஒரு நட்சத்திரம் போடும் கோடுகளின் இருட்டில் மற்ற நட்சத்திரத்தின் வெளிச்சம் போய் விழுகிறது. இரண்டும் ஒரே பிரகாசம் என்பதால் சீப்பு முழுதாக நிரம்பிவிடுகிறது. கோடு அழிகிற இடைவெளி 17 மி.மீ. என்று எடுத்துக் கணக்குப் போட்டால், நட்சத்திரங்களுக்கு இடையே 3.3 விகலை வருகிறது. ஒரு பாகையில் 3600ல் ஒரு பங்கு விகலை. பட்டியலில் உள்ள அளவோடு ஒட்டி வந்துவிட்டது. பார், அட்டையின் திறப்பு வழியே அவை இரண்டாகவே தெரியவில்லை. தெரியாமலே அளந்துவிட்டேன்!

சோதனைக்கு எடுத்த சித்திரை கூட உண்மையில் ஜோடிதான். நான்கே நாளில் ஒன்றையொன்று சுற்றிவிடுகின்றன. என் 22 மி.மீ. அதற்குப் போதவே போதாது. ஆஸ்திரேலியாவில் நாரப்ரி என்ற இடத்தில் ராபர்ட் ஹான்பரி பிரவுன் குழுவினர் வட்டத் தண்டவாளத்தில் ஓடும் இரண்டு பெரிய பிரதிபலிப்பான்களை வைத்து அதை அளந்தார்கள், 1971ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தத் தண்டவாள வட்டத்தின் விட்டம் 188 மீட்டர். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1920ல், மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் ஆண்டர்சன் என்பவர் கபெல்லா என்ற ஜோடி நட்சத்திரத்தை நான் செய்த மாதிரியேதான், இரண்டு திறப்பு வைத்து அளந்தார். அதன் சுற்று 104 நாள். ஆக, பிளவுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமான ஜோடி அகப்படும்.

இனி உன் குவாசருக்கு வருகிறேன். போரிமாவிலிருந்து ஐந்து பாகைக்குள்தான் 3சி 273 என்ற குவாசர் இருக்கிறது. அட்டையைக் கழற்றிவிட்டு, வரைபடத்தைச் சிவப்பு விளக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நட்சத்திரமாகத் தாண்டிப் போனேன். பதின்மூன்றாம் ஒளி அளவில் (எண் கூடக் கூட மங்கல்) ஒரு மங்கலான புள்ளி. நேராகப் பார்த்தால் நழுவும், ஓரக்கண்ணால் பார்த்தால் நிற்கும். ஒளி கிளம்பி ஏறக்குறைய 200 கோடி வருடம் ஆகிறது. 1962ல் நிலா அதை மறைத்த நேரத்தை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் ஹசார்டு குழுவினர் பிடித்து அதன் இடத்தைக் குறித்தார்கள். அடுத்த வருடமே மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையில், அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியில், ஹைட்ரஜன் கோடுகள் சிவப்புப் பக்கம் 16 சதவீதம் நகர்ந்திருப்பதைக் கண்டார். அது அவ்வளவு தொலைவில் இருப்பது அதிலிருந்துதான் தெரிந்தது.

எடை போடுவதற்கு என்ன வேண்டும்? எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, இந்த இரண்டும் போதும். போரிமாவுக்கு அப்படிக் கணக்குப் போட்டால் இரண்டும் சேர்ந்து சூரியனைப் போல 2.7 மடங்கு வருகிறது. குவாசரில் கருந்துளையைச் சுற்றி ஓடுவது நட்சத்திரம் அல்ல, வாயு மேகங்கள். வேகம் நிறமாலையிலேயே கிடைத்துவிடும். நம் பக்கம் வரும் மேகங்களின் ஒளி நீலத்துக்கு நகரும், விலகிப் போகிறவற்றின் ஒளி சிவப்புக்கு. நேரடியாக அளக்கக் கிடைக்காமல் இருந்தது, கருந்துளையிலிருந்து மேகங்கள் இருக்கும் தூரம்தான்.

அதை 2018ல் பிடித்தார்கள். சிலியில் பாரனால் மலையில் 8.2 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கு இருக்கின்றன. அவற்றின் ஒளியைச் சுரங்கப்பாதை வழியாகக் கொண்டுவந்து கிராவிட்டி என்ற கருவியில் ஒன்றுசேர்க்கிறார்கள். பிளவுகளின் இடைவெளி இப்போது 130 மீட்டர் வரை! அந்த இடைவெளிக்கும் 3சி 273ன் மேகங்கள் சிறியவை, கோடுகள் அழியாது. அதனால் அவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். ஹைட்ரஜன் கோட்டின் நீல ஓரத்தில் சீப்பு எங்கே விழுகிறது, சிவப்பு ஓரத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம். வானத்தில் அது சுமார் 10 மைக்ரோ விகலை, போரிமாவின் இடைவெளியில் மூன்று லட்சத்தில் ஒரு பங்கு. நகர்ந்த திசை, குவாசரிலிருந்து பீய்ச்சும் ஜெட்டுக்குச் செங்குத்து. ஜெட்டை அச்சாக வைத்து மேகங்கள் சுற்றினால் அப்படித்தானே இருக்க வேண்டும்? மேகங்களின் தூரம் ஒளி 150 நாள் போல ஓடும் தூரம் என்று வந்தது. கருந்துளையின் எடை ஏறக்குறைய 30 கோடி சூரியன்.

உனக்கு இதை நம்புவது கஷ்டமாக இருந்தது என்று எழுதியிருந்தாய். எனக்கும் இருந்தது, மனதுக்குள்ளாவது. 16 மி.மீ. அட்டையில் கோடுகள் மறைந்து 22ல் திரும்பியதைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை.

ரேடியோவில் பூமியின் அகலத்துக்கே இடைவெளி வைத்துக் குவாசர்களை அளக்கிறார்களே, அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கடிதம் ஆகிவிடும். ஒன்று மட்டும்: அவ்வளவு தொலைவில் அசையாமல் நிற்பதால், வானத்தின் எல்லைக் கற்களாகக் குவாசர்களைத்தான் நட்டிருக்கிறார்கள். 2019 ஜனவரி முதல் நடப்பில் உள்ள பட்டியலில் இப்படி 4536 புள்ளிகள். கண்டங்கள் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்வதைக் கூட அவற்றை வைத்தே அளக்கிறார்கள்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பேத்திதான் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். 18 போட்டபோது அவளைப் பார்க்கச் சொன்னேன், "கோட்டைக் காணோம் தாத்தா" என்றாள். அவள் வாயால் கேட்டபிறகுதான் நோட்டில் எழுதினேன்.

இதே உறையில் மடிக்காமல் மூன்று அட்டை வைத்திருக்கிறேன், 10, 16, 22. உன் தொலைநோக்கியின் வாய்க்குத் தகுந்தபடி ஓரத்தை வெட்டிக்கொள். பிளவுகளைத் தொடாதே. அறுவை செய்த கண்ணாலும் மற்றக் கண்ணாலும் தனித்தனியாகப் பார்த்து, எதில் கோடு தெளிவாகத் தெரிகிறது என்று எழுது. வடக்கு தெற்கு மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய கண்ணாடிக் கூட்டாளி