அறுபதைக் கடந்த கைம்பெண்களுக்கும் தொழில்கடன் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சோமனூர் பகுதியில் எங்கள் வீதியில் வசிக்கும் 62 வயது அம்மையார், கணவர் மறைந்த பின் கூலி நெசவும் நின்றுபோக, கடனை அடைப்பதற்காக விசைத்தறிகளைப் பழைய இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டார். இனி வெள்ளைச் சேலையும் வீட்டு மூலையும்தான் என்று சுற்றத்தார் முடிவுகட்டியிருந்த நிலையில், அவர் இடியாப்பம் போன்ற அரிசி உணவான சந்தகையைப் பிழிந்து விற்கத் தொடங்கினார். விடியுமுன்பே மாவை வேகவைத்து, சூடு ஆறினால் இறுகிவிடும் என்பதால், ஆவி பறக்கும்போதே அச்சிலிட்டு இரு கைகளாலும் அழுத்திப் பிழிகிறார். தேங்காய்ப்பாலோடு எட்டு மணிக்குள் விற்றுத் தீர்கிறது.

மாவரைக்கும் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டபோது, வயதைக் காட்டி ஒரு வங்கி மறுத்துவிட்டது. இது எனக்கு மிகுந்த வேதனையளித்தது. ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்தை அரசு 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தியது வரவேற்கத்தக்கதே. ஆனால் அத்தொகை வீட்டு வாடகைக்கே போதாது. உழைக்கும் உடலும் கைத்தொழிலும் உள்ள இத்தகைய பெண்களுக்கு, வயதைப் பாராமல் அன்றாட வருமானத்தைக் கணக்கில்கொண்டு, கூட்டுறவு வங்கிகளும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் சிறுகடன் வழங்க அரசு ஆணையிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சோமனூர்