உளித் தாங்கிக்கு மூடிய அடிப்பலகை வேண்டாம்

ஆசிரியருக்கு,

வீட்டுப் பட்டறை பற்றிய குறிப்புகளில் கடைசல் உளிகளை வைக்கும் தாங்கியைச் சுவரலமாரி போலவே வரைந்து காட்டுகிறார்கள். அடியில் பலகை, பின்னால் பலகை, மரத்தைச் சுழற்றிக் கடையும் லேத்துக்கு நேர் பின்சுவரில் இடம். பார்வைக்கு அழகுதான். லேத் ஓடத் தொடங்கியதும் இந்த மூன்றுமே தொல்லையாகும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். உளி லேத்துக்குப் பின்னால் இருந்தால், ஒவ்வொரு முறையும் சுழலும் மரத்தின் மேலாகக் கையை நீட்டி எடுக்க வேண்டும். சட்டைக்கை சுற்றிக்கொள்ள அது போதும். மரம் பிளந்தாலோ, அதைப் பிடித்திருக்கும் சக்கிலிருந்து கழன்றாலோ, அது சுழலும் வட்டத்துக்கு நேரே உள்ள திசையில்தான் பெரும்பாலும் பறக்கும். அந்த நேர்க்கோட்டிலும் தாங்கி கூடாது. மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கம், அதாவது நிற்பவரின் வலப்புறச் சுவர் நல்ல இடம். லேத்தின் காலிலோ மேசையிலோ பொருத்த வேண்டாம். சமனில்லாத கட்டையைக் கடையும்போது எழும் அதிர்வில் உளிகள் ஒன்றோடொன்று உரசும். உளிகளைச் செய்யும் ஹைஸ்பீடு ஸ்டீல் எஃகு கடினமானது, அதனாலேயே முனை மோதினால் சில்லு தெறிக்கும். அதைச் சரிசெய்யச் சாணையில் தேய்த்துத் தீர்க்கும் எஃகு வீண்.

அடுத்தது சீவல். மூடிய அடிப்பலகையிலும், அடி அடைத்த பிவிசி குழாயிலும் சீவலும் தூளும் நிறையும். பச்சை மரச் சீவல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எஃகில் துரு ஏறும், கைப்பிடி ஊறும். எனவே அடி திறந்திருக்க வேண்டும்.

கைப்பிடி கீழே, முனை மேலே இருக்குமாறு ஏழு உளிகளை நிறுத்தும் தாங்கிக்கான அளவு இது. 18 மி.மீ. பிளைவுட்டில் 150 மி.மீ. அகலம், 320 மி.மீ. உயரத்தில் இரண்டு பக்கப் பலகைகள். அவற்றுக்கிடையே, பின்விளிம்புகள் ஒரே கோட்டில் இருக்க, 600 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலத்தில் ஒரு மேல்பலகை. அதன் பின் விளிம்பிலிருந்து 70 மி.மீ. தள்ளிக் கோடு கிழித்து, 75 மி.மீ. இடைவெளியில் ஏழு புள்ளிகள் குறித்து, 40 மி.மீ. ஹோல் சா (வட்டத் துளை ரம்பம்) கொண்டு துளையிடவும். பிறகு ஒவ்வொரு துளையையும் முன்விளிம்பு வரை அதே அகலத்தில் வெட்டித் திறக்கவும். இடைவெளியை 60 மி.மீ. ஆக்கி இன்னும் இரண்டு உளிக்கு இடம் தேடத் தோன்றும். பக்கத்து முனையில் விரல் படுவது அப்போதுதான்.

மேல்பலகைக்கு 250 மி.மீ. கீழே, பலகைக்குப் பதில் 25 மி.மீ. அகல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) இரண்டு. ஒன்று பின்விளிம்பிலிருந்து 60 மி.மீ. தள்ளி, மற்றது 105 மி.மீ. தள்ளி. நடுவில் விடும் 20 மி.மீ. சந்தில் சீவல் கீழே உதிரும். உருண்டையான கைப்பிடி அடியும் அதில் பாங்காக உட்காரும். முன் ரீப்பரில் 15 மி.மீ. உயர விளிம்பு ஒட்டினால் உளி சறுக்காது. இந்த அளவில் உளி சுவர்ப்பக்கம் ஆறு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சாய்ந்து நிற்கும். 600 மி.மீ. நீள உளியும் சுவரில் முட்டாது. சாய்வைக் கூட்டினால் முட்டும்.

பிளைவுட் விளிம்பில் முன்துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் அடுக்கு பிரியும். பசையோடு 40 மி.மீ. ஸ்க்ரூ போதும். பின்புறம் முழுப் பலகைக்குப் பதில் மேலும் கீழும் குறுக்குச் சட்டம் கொடுத்து, சுவருக்கும் அதற்கும் இடையே 20 மி.மீ. கட்டை வைத்துப் பொருத்தவும். சுவரின் ஈரம் உளிக்கு வராது.

முனை மேலா கீழா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முனை மேலிருந்தால் எது குழி உளி, எது சாய்வாய் உளி என்று பார்த்ததும் தெரியும். தவறான உளியை எடுத்து மரத்தில் வைப்பதுதான் பெரிய ஆபத்து என்பதால் என் வாக்கு அதற்கே. ஆனால் முனைகள் மார்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் கதவும் பூட்டும் கட்டாயம்.

காந்தப் பட்டையைப் பரிந்துரைப்போரும் உண்டு. உளியின் உருண்டைக் கம்பி அதில் ஒரு கோட்டளவே ஒட்டும், எளிதில் நழுவும். காந்தமேறிய உளி சாணையின் இரும்புத் தூளையும் இழுத்துக்கொள்ளும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த ஈர மரத்தில் அந்தத் தூள் பட்டால் கறுப்புக் கறை விழும்.

லேத்தில் மரத்தின் முனையைத் தாங்கும், கூம்பு வடிவ அடியுள்ள இரண்டாம் எண் மோர்ஸ் டேப்பர் சென்டர்களுக்கு மேல்பலகை ஓரத்தில் 17 மி.மீ. துளை போடலாம். கூம்பின் தடித்த பக்கம் சுமார் 15 மி.மீ. வெளியே நிற்கும், பிடித்துத் தூக்க வசதி. இழுப்பறையில் உருண்டு கூம்பில் வடுப்பட்டால் சென்டர் சரியாக உட்காராது, மரம் ஆடும்.

சக்கை இறுக்கும் சாவிக்குத் தனிக் கொக்கி ஒன்று, ஸ்விட்சுக்குப் பக்கத்தில். அதைச் சுற்றிச் சிவப்பு வண்ணம் அடித்து வையுங்கள். கொக்கி வெறுமையாக இருந்தால் சாவி இன்னும் சக்கில் இருக்கலாம். ஸ்விட்சைத் தொடக் கூடாது.

இப்படிக்கு,
மரக்கடைசல் வாசகர் ஒருவர்