பங்க் பலகையில் இன்னும் ஒரு வரி எழுதுங்கள்

பெட்ரோலிய அமைச்சகத்துக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும், வணக்கம்.

தண்டையார்பேட்டையில் ஆட்டோ, டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எங்கள் பக்கம் எண்ணெய்க் கிடங்குகள். டேங்கர் லாரிக்கு வழிவிட்டே வளர்ந்த ஜனம் நாங்கள். ஆனால் காசு கொடுத்துப் போடும் எரிபொருளில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை.

"அண்ணே, மைலேஜ் அடி வாங்குது, என்னன்னு பாருங்க" என்று வருகிறார்கள். பிளக்கைக் கழற்றினால் இளம்பழுப்பு நிறத்தில் சுத்தமாக இருக்கிறது. ஏர் ஃபில்டரில் தூசு இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டும் ஓடவில்லை. அப்புறம் நான் கெமிஸ்ட்ரி வாத்தியார் ஆகவேண்டியதுதான். ஆற்றலை அளக்கும் அலகு மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல். அதில் கலக்கும் எத்தனால், அதாவது கரும்பு மாதிரிப் பயிரிலிருந்து எடுக்கும் ஆல்கஹால், லிட்டருக்குச் சுமார் 21. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்தால், கலப்பில்லாத பெட்ரோலைவிட லிட்டருக்கு ஏறக்குறைய 7 சதவீதம் ஆற்றல் குறையும். எத்தனாலுக்கு ஆக்டேன், அதாவது அழுத்தும்போது முன்கூட்டியே தானாக எரிந்துவிடாமல் தாங்கும் திறன், அதிகம் என்பதும் உண்மை. அதற்கென்றே அழுத்த விகிதம் கூட்டி, கலவையை இன்னும் இறுக்கி எரிக்கும்படி செய்த எஞ்சின் அந்த இழப்பில் கொஞ்சத்தை மீட்கும். எங்கள் ஏரியாவில் ஓடும் பழைய வண்டிகள் மீட்காது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறையட்டும், கரும்பு விவசாயிக்குக் காசு போகட்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. பழி மட்டும் பட்டறைக்காரன் தலையில் விழவேண்டாம்.

கேஸ் ஆட்டோக்காரர் பாடு இன்னும் மோசம். எல்.பி.ஜி.யை லிட்டரில் விற்கிறீர்கள், சி.என்.ஜி.யைக் கிலோவில். எல்.பி.ஜி. ஒரு லிட்டரில் சுமார் 25 மெகாஜூல்தான், சி.என்.ஜி. ஒரு கிலோவிலோ 48 பக்கம், அதாவது ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். கடன் வாங்கி வண்டி எடுப்பவர் இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எந்த முடிவுக்கு வருவார்? (மின்சார ஆட்டோவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பெட்ரோல் எஞ்சினில் முக்கால்வாசி ஆற்றல் சூடாகவே போய்விடும், மோட்டாரில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போகும்.)

பெட்ரோலின் அடர்த்தியைப் பங்கில் இப்போதே எழுதி வைக்கிறீர்கள். அதன் கீழேயே எத்தனால் எத்தனை சதவீதம், லிட்டருக்கு எத்தனை மெகாஜூல், ஒரு ரூபாய்க்கு எத்தனை மெகாஜூல் என்றும் எழுதுங்கள். எல்.பி.ஜி., சி.என்.ஜி. பலகையிலும் அந்த ரூபாய்க் கணக்கு வரட்டும். தூரத்தில் இருந்தே தெரிகிற எழுத்தில், தமிழில்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை மெக்கானிக் ஒருவர்